வீட்டுக்குள் மின்சாரம் – 17: மேடைக்கு நடுவே ஒரு பிளக் பாயின்ட்

சமையல் மேடையின் நடுவில் ஒரு வட்ட மூடி. விரலால் அழுத்தினால் உள்ளேயிருந்து சின்னத் தூண் ஒன்று எழும்பி வருகிறது. அதில் இரண்டு மூன்று சாக்கெட், ஒரு யுஎஸ்பி. வேலை முடிந்ததும் தலையில் தட்டினால் மறுபடி மேடைக்குள் போய்விடும். புதிதாக ஃபிளாட் வாங்குகிறவர்கள் மாடுலர் கிச்சன்காரரிடம் இந்த ‘பாப்-அப்’ சாக்கெட்டைத் தவறாமல் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் சுவரையொட்டிய மேடையில் இதைப் போடுவது வீண் செலவு என்பது என் கட்சி. பின்னால்தான் சுவர் இருக்கிறதே!

இது சுவர் இல்லாத மேடைக்கு வந்த சாமான். அமெரிக்க வீடுகளில் சமையலறை நடுவே நாலாபுறமும் நடமாட இடம் விட்டு ஒரு மேடை நிற்கும். ‘ஐலேண்ட்’ என்பார்கள். அங்கே ஒயரிங் வேலைக்கு ‘நேஷனல் எலக்ட்ரிகல் கோட்’ என்றொரு விதித்தொகுப்பு உண்டு. மூன்று ஆண்டுக்கொருமுறை திருத்தி வெளியிடுகிறார்கள். சுவரோரத்து மேடையில் எந்த இடத்தில் மிக்ஸியை வைத்தாலும் பக்கவாட்டில் இரண்டடிக்குள் ஒரு சாக்கெட் இருக்க வேண்டும் என்கிறது அது. சமையலறைச் சாமான்களின் ஒயர் பெரும்பாலும் அந்த நீளம்தான். இல்லாவிட்டால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேடைக்கு வந்துவிடும். ஐலேண்டிலும் சாக்கெட் கட்டாயம் என்று பல காலம் இருந்தது. சுவருக்கு எங்கே போவது? மேடைக்குக் கீழே, அலமாரியின் பக்கப் பலகையில் பதித்தார்கள்.

வினை அங்கேதான் வந்தது. மேலே எலெக்ட்ரிக் குக்கர் கொதிக்கும். அதன் ஒயர் விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கும். பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகும் குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரம். ஓர் இழுப்பு போதும். இப்படி மேடைக்குக் கீழிருந்த சாக்கெட்டில் மாட்டிய ஒயரை இழுத்தோ, தடுக்கியோ தீக்காயம் முதலான காயங்களோடு 1991 முதல் 2020 வரை சுமார் 9,700 பேர் அவசர சிகிச்சைக்கு வந்தார்கள் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டது. பாதிக்கப்பட்டதில் குழந்தைகள் அதிகம். 2023 பதிப்பில் விதியைத் திருப்பிப் போட்டார்கள். ஐலேண்டில் சாக்கெட் கட்டாயமில்லை. பின்னால் வைத்துக்கொள்ள வழி மட்டும் செய்துவைத்தால் போதும். வைப்பதானால் மேடைக்கு மேலே இருக்கலாம், மேடைக்குள் இருக்கலாம், கீழே கூடாது. மேடைக்குள் என்றாலும் வாய் வானத்தைப் பார்த்தபடி சாதாரண சாக்கெட்டைப் பதிக்க முடியாது. ஆக, பாப்-அப்.

அதிலும் கண்டதை எல்லாம் அனுமதிப்பதில்லை. பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருந்தாலும் ஆபீஸ் மேசைக்கான பாப்-அப் வேறு, சமையல் மேடைக்கானது வேறு. ஆபீஸ் மேசையில் கவிழ்வது ஒரு கப் காபி. சமையல் மேடைக்கானதன் மீது உப்புத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிச் சோதித்த பிறகே சான்றிதழ் தருகிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பாப்-அப்களில் பல, மீட்டிங் ஹால் மேசைக்குச் செய்தவை; படத்தில் மட்டும் பக்கத்தில் தக்காளியும் கத்தியும் வைத்திருப்பார்கள். அட்டைப்பெட்டியில் ஐ.பி. என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 54 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். பெரும்பாலான மாடல்களில் அந்த எண் மூடி கீழே இருக்கும் நிலைக்குத்தான் பொருந்தும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். தெறிப்பு என்பதும் நம் வீடுகளுக்குப் போதாது. இரவு வேலை முடிந்ததும் மேடை மீது சொம்புத் தண்ணீரை ஊற்றி, வைப்பரால் தள்ளிக் கழுவிவிடுகிற வழக்கம் நமக்கு. பொங்கி வழிந்த தோசை மாவு மூடியைச் சுற்றியுள்ள இடுக்கில் இறங்கிக் காயும். ரப்பர் வாஷர் பிசுபிசுத்து ஒட்டும். வாசனைக்கு எறும்பு வரும், எறும்புக்குப் பின்னால் கரப்பான் பூச்சி. பாப்-அப் போட்ட வீட்டில் ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள முடியுமா என்று சமைப்பவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது லோடு. கோவையில் நண்பர் வீட்டு ஐலேண்டில் இது பொருத்தும்போது அருகில் இருந்தேன். வேலை முடித்த எலெக்ட்ரீஷியன் வீட்டம்மாவிடம் சொன்னார்: “அக்கா, இதுல இண்டக்‌ஷன் அடுப்ப மட்டும் மாட்டீராதீங்க. மிக்ஸி போடுங்க, போன் சார்ஜ் போடுங்க.”

“பின்ன எதுக்குத் தம்பி பதினஞ்சு ஆம்ஸ் ஒயர் இழுக்கச் சொன்னே?”

“ஒயரு தாங்குமுங்க்கா. இந்த டப்பா தாங்கணுமில்லீங்களா?”

அவர் சொன்னது சரியான கணக்கு. 750 வாட் மிக்ஸி 230 வோல்ட்டில் மூன்றே கால் ஆம்பியர்தான் இழுக்கும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியரை, அதுவும் தொடர்ந்து இழுக்கும். பாப்-அப்பில் இருப்பதோ எல்லா நாட்டு பிளக்கும் நுழைகிற ‘யுனிவர்சல்’ துளை. எல்லாவற்றுக்கும் இடம் கொடுப்பதால் எதையும் இறுக்கிப் பிடிக்காது. பிடி தளர்ந்த இடத்தில் சூடேறும், பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு உருகும். நம் ஐ.எஸ். 1293 தரப்படி செய்த 6 அல்லது 16 ஆம்பியர் சாக்கெட், ஷட்டரோடு இருக்கிற மாடலாகத் தேடி வாங்குங்கள். மோட்டார் வைத்துத் தானாக எழும்பும் மாடலும் உண்டு. பழுதாவதற்கு இன்னொரு பாகம், அவ்வளவுதான்.

கல்லில் துளை போடும் வேலையை எலெக்ட்ரீஷியனிடம் தராதீர்கள். மாடலைப் பொறுத்து 60 முதல் 100 மில்லிமீட்டர் வரை வட்டத் துளை தேவைப்படும். வைரப் பல் வைத்த கோர் கட்டிங் மெஷினால், தண்ணீர் விட்டுக்கொண்டே, அடியில் முட்டுக் கொடுத்து நிதானமாக அறுக்க வேண்டும். கையிலுள்ள கட்டிங் மெஷினால் நாலு பக்கமும் வெட்டித் தட்டி எடுத்தால், அந்தக் கோணங்களிலிருந்துதான் பின்னாளில் கிரானைட் விரிசல் விடும். சிங்க்குக்கும் அடுப்புக்கும் வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் மிஞ்சியிருக்கும் ஒல்லியான பட்டையில் துளை போடவே கூடாது.

மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தால்தான் வேலையின் லட்சணம் தெரியும். தூண் கீழே இறங்கினால் அலமாரிக்குள் ஒரு முழம் போல நீட்டிக்கொண்டிருக்கும். நேர் கீழே இழுப்பறை இருந்தால் அது மூடாது. தூணின் அடியிலிருந்து வரும் ஒயர் ஒவ்வொரு முறையும் அதனோடு ஏறி இறங்குகிறது. மெல்லிய இழைகள் கொண்ட வளையும் ஒயராக, தளர்வாக ஒரு சுற்று விட்டு, இழுப்பு இணைப்பின் மேல் விழாதபடி கிளிப் போட்டிருக்க வேண்டும். சுவர் ஒயரிங்குக்கான விறைப்பான ஒயரையே நேராகக் கொண்டுவந்து முறுக்கினால், மடிந்து மடிந்து உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறும். அறுவது எர்த் ஒயராக இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, மிக்ஸி வழக்கம்போல ஓடும்.

இதனால்தான் போன வாரம் சொன்ன, மின்கசிவு ஏற்பட்டதும் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இங்கே அவசியமாகிறது. அமெரிக்காவில் இதே வேலைக்கு வைக்கும் கருவி சுமார் 5 மில்லி ஆம்பியரிலேயே துண்டித்துவிடும். பாப்-அப் லைனுக்குத் தனி எம்சிபி, கைக்கு எட்டும் சுவரில் ஒரு ஸ்விட்ச். மாவு கொட்டினால் அந்த ஸ்விட்சை அணைத்த பிறகுதான் துணியை எடுக்க வேண்டும்.

நிஜமான ஐலேண்டுக்கு லைன் தரைக்கடியில்தான் வந்தாக வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே பைப் புதைத்திருக்க வேண்டும். டைல்ஸ் போட்ட பிறகு யோசனை வந்தவர்கள் ஒன்று, தரையை வெட்ட வேண்டும்; அல்லது மேடையின் ஒரு முனையைச் சுவரோடு சேர்த்துவிடலாம். சேர்த்துவிட்டால் அந்தச் சுவரிலேயே, மேடைக்கு அரையடி மேலே, ஸ்விட்சோடு கூடிய சாதாரண சாக்கெட் போட்டுக்கொள்ளலாம். கல்லையும் துளைக்க வேண்டியதில்லை.

(அடுத்த வாரம்: கீசர் பாயின்ட்)