சந்திகளிலே காவல் வேண்டும்



கொழும்பிலிருந்து வரும் இருப்புப் பாதை, பேராதனைச் சந்தியிலே இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை கண்டிக்கும் மாத்தளைக்கும் செல்கின்றது. மற்றது மலையேறிப் பதுளையை அடைகின்றது. நேர்ப்பாதையைவிட, பாதைகள் கூடும் சந்தியிலேயே காவலும் கைகாட்டியும் மிகுதியாக வேண்டும். கணினி மென்பொருளும் அத்தகையதே.

இன்று ஒரு மென்பொருளை ஒரே நிரல்மொழியால் ஆக்குவது அரிது. திரையின் அசைவுக்கு ஜாவாஸ்கிரிப்ட், சேவையகத்துக்குப் பைத்தன் அல்லது பீஎச்பீ, தரவுத் தளத்துக்கு எஸ்கியூஎல் எனப் பல கூடுகின்றன. தனித்தனியே குறையற்றவை, ஒன்றையொன்று சந்திக்குமிடத்தில் தவறுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் எமது பாடசாலைப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றினோம். மலர்விழி என்னும் மாணவியின் பெயர் சான்றிதழில் 'மலர்வி' என்று அச்சாகியிருந்தது. “சேர், இது என் பெயர் அல்லவே” என்றாள் அவள். தட்டச்சு செய்தவர்மீது பிழையில்லை. தரவுத் தளம் பெயருக்கு 20 பைட்டுகளே ஒதுக்கியிருந்தது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டுப் போதும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று வேண்டும். புள்ளியும் இகரக் குறியும் தனித்து எண்ணப்படுவதால், அப்பெயர் எட்டுக் குறிகளாகி 24 பைட்டுகளை வேண்டிற்று. இடம் போதாமல் பெயரின் இறுதி எழுத்து அறுந்தது.

இச்சிக்கலை ஆள்வது எங்ஙனம்? நம் நாட்டிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கியபின், இலங்கை மென்பொருளாளர் தன்னார்வமாக 'சகானா'வை உருவாக்கினர். பலரும் முன்பே அறிந்த பீஎச்பீ, மைஎஸ்கியூஎல் ஆகியவற்றால் அது அமைந்தது. காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், உதவிக் கோரிக்கைகள் என வேலை பகுதி பகுதியாக வகுக்கப்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநலன் விருதையும் அது பெற்றது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில. கருவிகளைக் குறைவாகவும், பலர் கையாளத் தெரிந்தவையாகவும் தெரிந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலையே இருத்தல் வேண்டும். ஒரு பகுதி மற்றதற்கு எதனை, எவ்வடிவில், எவ்வளவு நீளத்தில் தரும் என்பதை முன்னரே எழுதிவைத்தல் வேண்டும். இறுதியாக, சோதனையைச் சந்திகளிலே நடத்துதல் வேண்டும். அதுவும் நீண்ட தமிழ்ப் பெயரைக் கொண்டே நடத்துதல் வேண்டும்.

எமது பதிவேட்டையும் அவ்வாறே திருத்தினோம். மலர்விழிக்குப் புதிய சான்றிதழ் கிடைத்தது. பெயரை முழுமையாகக் கண்டபின்னரே அவள் புன்னகைத்தாள்.