காருக்கு வந்த லேசர் லாரிக்கு எப்போது?

போவன்பள்ளி காய்கறிச் சந்தைக்கு லோடு வந்து சேர்வது பெரும்பாலும் பின்னிரவில்தான். மதனப்பள்ளித் தக்காளியும், மூட்டை மூட்டையாக மிளகாயும் ஹைதராபாத்துக்குள் நுழைகிற நேரம் அது. வாசலை ஒட்டி ஓடுவது 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஸ்ரீநகரில் தொடங்கி, இங்கே வந்து, பிறகு கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், மதுரை, நெல்லை என்று நம் ஊர்களையெல்லாம் தொட்டுக்கொண்டு கன்னியாகுமரியில் முடிகிற அதே சாலை.

அந்த நேரத்தில் சாலையோரம் நின்று, கடந்துபோகும் லாரிகளின் பின்பக்கத்தை மட்டும் கவனியுங்கள். ஒன்றில் இடது விளக்கு மட்டும் எரியும். இன்னொன்றில் பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கும். அடுத்தது முழு இருட்டு. மண் அப்பிய ஒளிரும் பட்டை மட்டும் அழுக்காகத் தெரியும். முகப்பில் பூமாலை, கண்ணாடிக்கு மேல் சாமி படம், வண்ண விளக்குச் சரம் எல்லாம் உண்டு. முதுகில்தான் வெளிச்சம் இல்லை.

வாகன விளக்கில் லேசர் என்றதும் எல்லோரும் முன்விளக்கைப் பற்றியே பேசுகிறார்கள். 2014-ல் ஜெர்மன் கார்களில் அது வந்தது. நீல லேசர் ஒளி ஒரு பாஸ்பர் துண்டின் மீது பட்டு வெள்ளையாக மாறி, 600 மீட்டர் தூரம் வரை பாயும். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய செய்தி 2022-ல் வந்தது. அதே ஜெர்மனியில் 1,000 வண்டி மட்டுமே செய்யப்பட்ட ஒரு பந்தய ரகக் காரில் வால் விளக்கே லேசரில் எரிந்தது. மெல்லிய ஒளியிழைகளைப் பின்னி வைத்து, அவற்றுக்குள் சிவப்பு லேசரைச் செலுத்தினார்கள். இழை நெடுக ஒளி கசிந்து, பின்பக்கம் முழுவதும் செந்நூல் நெய்ததுபோல் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளில் அதைச் செய்த நிறுவனத்தின் மற்ற சில மாடல்களுக்கும் அது இறங்கி வந்தது.

அழகுக்காகச் செய்தார்கள், காசுள்ளவர்கள் வாங்கினார்கள். ஆனால், இந்த ஏற்பாடு உண்மையில் தேவைப்படுவது போவன்பள்ளிக்குத் தக்காளி ஏற்றி வரும் லாரிக்குத்தான்.

கெட்டுப்போவது பல்பு மட்டுமா?

லாரியின் வால் விளக்கைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் புரியும். மேலே சிவப்பு மூடி. பாதி வண்டிகளில் அதில் விரிசல். உள்ளே 24 வோல்ட் பல்பு ஒன்று, இரண்டு இழையோடு. 5 வாட் இழை இரவெல்லாம் எரிய, 21 வாட் இழை பிரேக்குக்கு. பல்பு நன்றாகவே இருக்கும். அது உட்கார்ந்திருக்கும் ஹோல்டரைப் பாருங்கள்: பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பேறி, ஸ்பிரிங் துருப்பிடித்து இறங்கிப்போயிருக்கும். மழைத் தண்ணீரும், தக்காளி அழுகி வடியும் சாறும், பின்சக்கரம் வாரியடிக்கும் சேறும் முதலில் சேருமிடம் அதுதான். அங்கிருந்து சேசிஸ் ஓரமாக ஒயர் முன்னால் போகும். நாலு இடத்தில் ஒட்டு, ஒவ்வொன்றிலும் டேப். எர்த் ஒயரின் போல்ட் பெயின்ட்டுக்கு மேலேயே முடுக்கப்பட்டிருக்கும். பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்குவதற்கு அந்த எர்த் கோளாறுதான் காரணம்.

பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டாலும் இந்த ஹோல்டர், ஒட்டு, எர்த் தொல்லைகளில் பாதி அப்படியே நிற்கின்றன. எல்.இ.டி.யின் நன்மையை நான் மறுக்கவில்லை. பழைய பல்பு முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 விநாடி எடுக்கும், எல்.இ.டி. உடனே எரியும். 80 கி.மீ. வேகத்தில் அந்த 0.2 விநாடி என்பது 4 மீட்டருக்கும் மேல். உயிர் தப்ப அது போதும். ஆனால், எர்த் போய்விட்டால் எதுவுமே எரியாது.

லேசரும் ஒளியிழையும் சேர்ந்த முறை இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. மின்சாரம் டிரைவர் கேபினைத் தாண்டிப் பின்னால் போவதே இல்லை. லேசர் டயோடு முன்னால், ஈரம் படாத பெட்டியில் இருக்கும். அங்கிருந்து பின்னால் போவது இழை. அதற்குள் போவது ஒளி. இழைக்கு எர்த் வேண்டாம். அது துருப்பிடிக்காது, தண்ணீர் பட்டு ஷார்ட் ஆகாது, பொறி கிளப்பாது. நாமக்கல்லிலிருந்து ஓடும் எரிவாயு டேங்கர்களை நினைத்துப் பாருங்கள்: எரியும் சரக்கு ஏற்றிய வண்டியின் வாலில் மின்சாரமே இல்லை என்றால் எவ்வளவு நிம்மதி!

இழைக்கும் குறை உண்டு. பிளாஸ்டிக் ஒளியிழையில் சிவப்பு ஒளி 10 மீட்டர் ஓடினால், நல்ல இழையிலேயே கால் பங்குக்கு மேல் வழியில் போய்விடும். கூர்மையாக மடக்கினால் ஒளி வெளியே கசியும். சிவப்பு லேசர் டயோடுக்கு வெப்பம் ஆகாது என்பதால் தெலங்கானா வெயிலுக்கு வெப்பத்தை இறக்கும் தகடும் வேண்டும். இவையெல்லாம் பொறியாளர்களால் தீர்க்கக்கூடிய கணக்குகள்தான்.

1968-லேயே விடை இருந்தது

ஒளியிழை நமக்கு அந்நியச் சரக்கு இல்லை. இந்த 44-ம் சாலை கடந்துபோகும் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் இயற்பியலாளர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து இழைக்கற்றை வழியே படத்தையே அனுப்பிக் காட்டி, 1954-ல் அதை ஆய்விதழில் வெளியிட்டார். லேசர் பிறந்தது 1960-ல். 1990-களில் அமெரிக்காவின் பெரிய கார் நிறுவனம் ஒன்று, லேசர் ஒளியை இழை வழியே வால் விளக்குக்குக் கொண்டுபோகும் முறைகளுக்குக் காப்புரிமை வாங்கியது.

ஆனால், என் மனதைப் பிடித்தது 1968-ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கதை. அதில் ஒவ்வொரு விளக்குக்குள்ளிருந்தும் ஓர் ஒளியிழையை எடுத்து, டிரைவர் கண்ணில் படும்படி முன்னால் கொண்டுவந்து முடித்தார்கள். வால் விளக்கு எரிந்தால் அந்தப் புள்ளி ஒளிரும். அணைந்தால் புள்ளியும் அணையும். தனி மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை. விளக்கின் வெளிச்சமே தன் நிலையைச் சொல்லிவிடும். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான லாரிகளில், பின்னால் விளக்கு அணைந்ததை டிரைவருக்குச் சொல்ல இன்றைக்கும் எதுவும் கிடையாது. தாபாவில் இன்னொரு வண்டியின் கிளீனர் “அண்ணே, பின்னாடி லைட் எரியல” என்று குரல் கொடுத்தால்தான் உண்டு.

வால் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதை ரயில்வே எப்போதோ புரிந்துகொண்டது. ரயிலின் கடைசிப் பெட்டியில் பகலில் அடையாளப் பலகை, இரவில் சிவப்பு விளக்கு இருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகே ரயில் முழுதாக வந்து சேர்ந்தது என்று ஸ்டேஷன் ஊழியர்கள் கணக்கில் எடுத்தார்கள். வால் விளக்கு இல்லாத ரயில் என்றால் அபாயம் என்று பொருள். வால் விளக்கு இல்லாத லாரியோ நம் சாலையில் சாதாரணக் காட்சி.

நிற்கும் லாரி என்னும் எமன்

என்னைத் தூங்கவிடாத கவலை இதுதான். 2022-ல் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள். 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த விபத்துகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, முன்னால் போகும் வண்டியில் பின்னால் வருபவர் மோதுவது. அதிலும் கொடுமை, பழுதாகி நிற்கும் லாரி. டயர் வெடித்தோ ஆக்சில் உடைந்தோ வண்டி நின்றுவிடும். பேட்டரி இறங்கிப் பார்க் லைட்டும் அணைந்துவிடும். கிளீனர் நாலு கல்லை அடுக்கி, ஒரு மரக்கிளையை ஒடித்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். பின்னால் வரும் பைக்காரனுக்கு, ஹெட்லைட் வெளிச்சத்தில் கிளை தெரியும்போது லாரியும் பக்கத்தில் வந்துவிட்டிருக்கும். குடும்பத்தோடு கோயிலுக்குப் போய் வேனில் திரும்புகிறவர்களின் கதை அப்படி முடிந்ததைச் செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

ஒளியைத் தரும் பெட்டி ஓரிடத்தில் இருந்தால், அதற்கென்று ஒரு சிறு பேட்டரியைத் தனியாக வைக்கலாம். வண்டி பேட்டரி செத்தாலும் வால் விளக்கு விடியும்வரை எரியும். ஒரே டயோடு போனால் பின்பக்கம் முழுதும் இருண்டுவிடுமே என்பார்கள். இரண்டு டயோடு வைத்து, இரண்டிலிருந்தும் இரண்டு பக்கத்துக்கும் இழை ஓட்டினால் அந்தப் பயமும் இல்லை.

ஒளிரும் பட்டை மலிவு, அதுவே போதும் என்போர் இருக்கிறார்கள். அது தேவைதான். ஆனால், மண் படிந்தால் பட்டையும் குருடு.

ஹைதராபாத்துக்கு லேசர் புதிதல்ல. இங்குள்ள பாதுகாப்பு ஆய்வகம் உருவாக்கிய 30 கிலோவாட் லேசர், 2025 ஏப்ரலில் கர்னூலில் ட்ரோனைச் சுட்டு வீழ்த்திக் காட்டியது. போவன்பள்ளிச் சந்தையிலேயே, அழுகும் காய்கறியிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 500 யூனிட் மின்சாரம் எடுக்கும் நிலையத்தை அமைத்தார்கள். இவ்வளவும் முடிந்த ஊரில், அந்தக் காய்கறியை ஏற்றி வரும் லாரிக்குப் பின்னால் நம்பகமான ஒரு சிவப்பு வெளிச்சம் தர முடியாதா?

இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்னி அணைய வேண்டும் என்று 1989-ன் மோட்டார் வாகன விதிகள் எண்ணிச் சொல்கின்றன. தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வண்டியைக் காட்டும் நாளில் எல்லா விளக்கும் எரியும், அடுத்த எஃப்.சி. வரை, அதாவது ஓராண்டோ இரண்டாண்டோ, யார் பார்க்கிறார்கள்? அதனால் முதல் வேலையாக, புது லாரிகளில் வால் விளக்கு அணைந்தால் டிரைவருக்குத் தெரியும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்க வேண்டும். 1968-ன் அந்த இழை முறைக்குப் பெரிய செலவில்லை. நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் பாடி கட்டும்போதே இழுத்துவிடலாம். அடுத்து, லேசர் வால் விளக்கை எரிவாயு, பெட்ரோல் டேங்கர்களில் சோதித்துப் பார்க்க வேண்டும். விலை இறங்கியதும் காய்கறி லாரிக்கும் வரட்டும். சொகுசுக் காரில் நல்ல விளக்கு இருந்தால் அந்தக் காருக்கு நல்லது. லாரியில் இருந்தால், அதன் பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் நல்லது. அரசு மானியம் தர நினைத்தால் முதலில் கொடுக்க வேண்டிய இடம் இதுதான்.