பசுவின் வயிறும் தீவனத்தின் அளவும்

பழைய நினைவுகளை ‘அசைபோடுகிறோம்’ என்கிறோம். இது மாட்டிடமிருந்து நாம் பெற்ற வழக்கு. தோட்டப்புறங்களில் கறவை மாடு வளர்த்த முன்னோர் இதன் நேர்ப்பொருளை அன்றாடம் கண்டனர். மாடு அசைபோடுவது ஏன், அது நின்றால் விளையும் கேடு என்ன என்பதை இங்குக் காண்போம்.

பசுவின் வயிறு நான்கு அறைகளை உடையது. அவற்றுள் முதலாவதும் மிகப் பெரியதுமான அசையூண் வயிறு, வளர்ந்த பசுவில் 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். புல்லின் நாரைச் செரிக்கும் நொதி பசுவின் உடலில் சுரப்பதில்லை. அவ்வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே நாரை நொதிக்கச் செய்து கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பசுவின் ஆற்றலில் பெரும்பகுதி இவ்வமிலங்களால் கிடைப்பதே. ஆகவே, நாம் இடும் தீவனம் முதலில் அந்நுண்ணுயிர்களுக்கே உணவாகிறது.

தீவனம் மாறினால் நொதித்தலும் மாறும். நேப்பியர் புல், வைக்கோல் முதலிய நார்த்தீவனம் மிகுந்தால் அசிட்டிக் அமிலம் மிகும். பாலின் கொழுப்பு உருவாக அது மூலப்பொருள். சோளம், அரிசி முதலிய மாவுத்தீவனம் கூடினால் புரோபியானிக் அமிலத்தின் பங்கு உயரும். கல்லீரல் அதனைக் குளுக்கோசாக்கும். அதிலிருந்து மடி பாற்சர்க்கரையை ஆக்கும். பாலின் அளவு பெருகுவது இதனால்தான். ஆயினும் மாவு மிகையானால் பாலில் கொழுப்புக் குறைந்துவிடும்.

மலேசியாவில் பெரிதும் பயன்படும் செம்பனைப் பிண்ணாக்கு மாவுச்சத்துக் குறைந்தது, நார் மிகுந்தது. எனினும் அந்நார் துகளாக இருப்பதால், நீண்ட புல்லைப்போல் மாட்டை அசைபோடத் தூண்டுவதில்லை. எனவே புல்லுக்கு அது முழு மாற்றாகாது.

அசைபோடுதல் இத்துணை இன்றியமையாததாவது உமிழ்நீரால். பசுவுக்கு நாள்தோறும் 100 லிட்டர் அளவிலும் அதற்கு மேலும் உமிழ்நீர் சுரக்கிறது. அதிலுள்ள பைகார்பனேட்டு வயிற்றின் அமிலத்தைத் தணிக்கிறது. நார் குறைந்தால் அசைபோடுதல் குறையும், உமிழ்நீரும் குறையும், புளிப்பு ஏறும். நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அப்புளிப்பைத் தாங்கமாட்டா.

மாட்டுப் பொங்கலன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே. அன்பு மிகுதியால் பொங்கலையும் சோற்றையும் வாளி வாளியாக ஊட்டுவோர் உளர். வெந்த அரிசி மிக விரைவில் நொதித்து, லாக்டிக் அமிலத்தைப் பெருக்கும். மாடு தீவனம் மறுக்கும், வயிறு இயக்கம் இழக்கும், கழிச்சலும் நீரிழப்பும் தொடரும், உயிரும் போகலாம். இதனால்தான் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் பண்டிகை நாள்களில் எச்சரிக்கை விடுக்கின்றனர்.

படையலில் ஒரு கைப்பிடி ஊட்டினால் மரபும் நிறைவேறும், மாடும் நலமாயிருக்கும். புதிய தீவனத்தை இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுவோம். புல்லை முதலில் இட்டு, அடர்தீவனத்தைப் பலவேளையாகப் பகிர்ந்து தருவோம். மிகுதியாக உண்ட மாடு அசைபோடாது நின்றால், கைமருந்தில் காலம் போக்காமல் மருத்துவரை அழைப்போம்.