முகம் நின்றது, முதுகு தாழ்ந்தது

பாகீரதி ஆறு பிறக்கும் கோமுக், கங்கோத்ரி பனியாற்றின் கீழ்முனை. சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு இறங்கிவரும் பனிக்கட்டி, ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் அங்கே முடிந்து நீராகிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜே.பி. ஆடன் 1935-இல் அங்கே சென்று, அந்த முனை எங்கே நிற்கிறது என்பதை அளந்து வரைபடமாக்கினார். ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ.எச். ஆடனின் அண்ணன் இவர். அவருக்குப் பின் பலரும் அதே முனையைத் தேடிப் போய் அளந்தார்கள். 1965 முதல் 2006 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வரிசையாக ஒப்பிட்ட ஓர் ஆய்வு, அந்த 41 ஆண்டுகளில் கோமுக் 800 மீட்டருக்கு மேல் பின்வாங்கியதாகக் கண்டது.

கங்கோத்ரி புண்ணியத்தலம், அதனால் அதற்கு இந்தக் கவனிப்பு கிடைத்தது. உலகில் கணக்கெடுக்கப்பட்டுள்ள பனியாறுகள் 2 லட்சத்துக்கும் மேல். அவற்றில் மனிதர் ஏறிச் சென்று ஆண்டுதோறும் அளப்பவை சில நூறுதான். இமயமலையில் இன்னும் குறைவு. வழியில்லாத பள்ளத்தாக்குகள், மூச்சு முட்டும் உயரம், மூன்று நாடுகளின் ராணுவம் நிற்கும் எல்லைகள் என்று தடைகள் பல. மிச்சமுள்ள பனியாறுகளைப் பற்றித் தெரிந்தது ஏறக்குறைய எல்லாமே வானிலிருந்து தெரிந்ததுதான்.

1972 ஜூலையில் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு பிக்சல் என்பது தரையில் சுமார் 80 மீட்டர். பெரிய பனியாறு தெரியும், சிறியது கரைந்துபோகும். 1982-இல் வந்த லேண்ட்சாட் 4 அதை 30 மீட்டராகச் சுருக்கியது. பனியாற்று ஆய்வாளர்களுக்கு அதைவிடப் பெரிய லாபம் வேறொன்று: அந்தக் கருவி கண்ணுக்குப் புலப்படாத குறு அலை அகச்சிவப்பு ஒளியையும் பதிவு செய்தது. இந்தியா 1988 மார்ச்சில் ஐஆர்எஸ்-1ஏ மூலம் இந்தத் துறையில் இறங்கியது. 2003-இல் ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-1 சுமார் 24 மீட்டர் பிரிதிறனில் குறு அலை அகச்சிவப்பையும், தனியொரு கருவியால் 5.8 மீட்டர் பிரிதிறனில் நுணுக்கமான படங்களையும் தந்தது. ஐரோப்பாவின் சென்டினல்-2 இணை இன்று 10 மீட்டர் பிரிதிறனில் ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுக்கிறது. ஆனால் இந்தத் துறையைத் தலைகீழாக மாற்றியது எந்தக் கேமராவும் இல்லை. 2008-இல் லேண்ட்சாட் படங்கள் அனைத்தையும் இலவசமாக்கிய முடிவு. அதுவரை ஒரு படத்துக்குப் பல நூறு டாலர் கொடுத்து, வாங்கிய இரண்டு மூன்று படங்களை வைத்தே ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். அதன்பின் ஆயிரக்கணக்கில் இறக்கிக்கொண்டார்கள்.

பனியை எப்படி அடையாளம் காண்பது? கண்ணுக்குப் பனியும் வெள்ளை, மேகமும் வெள்ளை. 1.6 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பார்த்தால் இந்தக் குழப்பம் தீரும். அந்த ஒளியைப் பனி உறிஞ்சிக்கொண்டு கறுப்பாகத் தெரியும். மேகம் திருப்பி அனுப்பி வெளுப்பாகவே தெரியும். பச்சை ஒளியில் பனி பளீரென்றிருக்கும். ஆகவே பச்சையின் அளவிலிருந்து குறு அலை அகச்சிவப்பின் அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண் 0.4-ஐத் தாண்டினால் அந்தப் பிக்சலைப் பனி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு. இமயமலை முழுவதையும் சில நிமிடங்களில் கணினி போட்டுவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தமிழில் மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பதும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி, நூற்றாண்டுகளாக இறுகிக் கட்டியானதும் பனி. அந்தக் கணக்குக்கும் ஏறக்குறைய இதே குறைதான்: நேற்று விழுந்த பனியும் பனியாறும் அதன் கண்ணுக்கு ஒன்று. ஆகவே பருவப்பனி உருகித் தீர்ந்து, பனியாற்றின் கட்டி மட்டும் வெளித்தெரியும் நாட்களில் எடுத்த படம் வேண்டும். இமயமலையில் அந்த நாட்களோ பருவமழை மேகம் மூடியிருக்கும் ஜூலை, ஆகஸ்ட். மேகம் விலகிப் புதுப்பனி விழுவதற்குள் செப்டம்பர் கடைசியை ஒட்டிச் சில வாரங்கள் கிடைக்கும். சில ஆண்டுகளில் அதுவும் கிடைக்காது. பழைய நிலவரைபடங்களிலும் இதே தொல்லை உண்டு. செனாப், பார்வதி, பாஸ்பா ஆற்றுப்படுகைகளின் 466 பனியாறுகள் 1962-இல் 2,077 சதுர கிலோமீட்டராக இருந்து பின்னர் 1,628 ஆகச் சுருங்கின, அதாவது 21 சதவீத இழப்பு என்று பனியாற்று ஆய்வாளர் அனில் குல்கர்னியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2007-இல் கணக்கிட்டார்கள். அதன் தொடக்கப்புள்ளி நில அளவைத் துறையின் வரைபடங்கள். பருவப்பனியையும் பனியாறாக வரைந்த வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டால் இழப்பு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும் என்பதால், இத்தகைய எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் கல்லும் மண்ணும். இமயத்தின் பல பனியாறுகளின் கீழ்ப்பகுதி, கங்கோத்ரி உட்பட, சரிவுகளிலிருந்து உருண்டு விழுந்த பாறைத்துண்டுகளால் மூடப்பட்டிருக்கிறது. அடியில் பனி, மேலே கல். செயற்கைக்கோளின் கண்ணுக்கு அதுவும் பக்கத்து மலைச்சரிவும் ஒரே நிறம். சரிவின் சாய்வு, மேற்பரப்பின் வெப்பம், இரண்டு ரேடார் படங்களுக்கிடையே தரை நகர்ந்ததா இல்லையா என்ற குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து எல்லையை ஊகிக்கிறார்கள். கடைசியில் அனுபவமுள்ள ஒருவர் திரைக்கு முன் உட்கார்ந்து கையால் கோடு இழுத்தால்தான் வேலை முடிகிறது. ஒரே பனியாற்றை இருவர் வரைந்தால் கோடு இரண்டாகத்தான் விழும். உலகப் பனியாறுகளின் எல்லைக்கோடுகளை முழுமையாகத் தொகுத்த முதல் பட்டியல் 2012-இல் வெளிவந்தது. ஆய்வாளர்கள் கூடிப் பேசிய அமெரிக்கச் சிற்றூரின் பெயரால் அதற்கு ராண்டால்ஃப் பட்டியல் என்று பெயர். அந்தப் பட்டியலிலும் கல் மூடிய பகுதிகளே மிகப் பலவீனமான இடம்.

இந்தப் பட்டியல் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அவமானம் நேர்ந்தது. ஐ.நா.வின் பருவநிலை அறிஞர் குழு 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. ஆதாரமற்ற வரி. 2010 ஜனவரியில் குழு அதைத் திரும்பப் பெற்றது. அதற்குப் பின் ஊசல் எதிர்ப்பக்கம் ஓடியது. இஸ்ரோவின் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2,018 பனியாறுகளின் கீழ்முனைகளை ஏறத்தாழ 2001 முதல் 2011 வரை ஒப்பிட்டுப் பார்த்தது: 1,752 நின்ற இடத்திலேயே நிற்கின்றன, 248 பின்வாங்கின, 18 முன்னேறின. ‘இமயமலையில் 87 சதவீதப் பனியாறுகள் நிலையாக உள்ளன’ என்ற செய்தி பரவியது. கணக்கு பிழையில்லை. ஆனால் அதிலிருந்து பனியாறுகள் நலமாக இருக்கின்றன என்று முடிவு கட்டியவர்கள் பிழை செய்தார்கள்.

பனியாறு கீழ்முனையிலிருந்து மட்டும் கரைவதில்லை. கனமான கல்போர்வை வெயிலைத் தடுப்பதால் முனை அசையாமல் நிற்கும். அதற்கு மேலே முதுகு மீட்டர் கணக்கில் தாழ்ந்துகொண்டே போகும். தவிர, பெரிய பனியாறு ஒன்று இன்றைய வெப்பத்துக்கு முனையில் பதில் சொல்லப் பல பத்தாண்டுகள் எடுக்கும். நோயாளியின் எடையைப் பார்க்காமல் உயரத்தை மட்டும் அளந்து உடம்பு நன்றாக இருக்கிறது என்பது போன்றது அந்த 87 சதவீதம்.

பனியாற்றின் எடையை அளக்க அதன் மேற்பரப்பின் உயரம் தெரிய வேண்டும். ஒரே இடத்தை இரண்டு கோணங்களில் எடுத்த படங்களைப் பொருத்தினால், இரண்டு கண்களால் ஆழம் உணர்வதுபோல, உயரத்தைக் கணக்கிடலாம். 2005-இல் ஏவப்பட்ட இந்தியாவின் கார்ட்டோசாட்-1 முன்னோக்கி ஒன்றும் பின்னோக்கி ஒன்றுமாக இரண்டு கேமராக்களை இதற்காகவே சுமந்தது. 1999 முதல் சுற்றிவரும் டெர்ரா செயற்கைக்கோளின் ஆஸ்டர் கருவியும் இதே வேலையைச் செய்தது. இரு வேறு ஆண்டுகளின் உயர வரைபடங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் தாழ்ந்த அளவு கிடைக்கும். அதைக் கனமீட்டருக்கு சுமார் 850 கிலோ என்ற அடர்த்தியால் பெருக்கினால் எடை.

ஆனால் 1999-க்கு முன்? இங்கே எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா ஹெக்சகன் என்ற உளவுச் செயற்கைக்கோள்களால் உலகைப் படமெடுத்தது. படச்சுருள்கள் உறைகளில் பாராசூட்டோடு கீழே இறங்கும்; விமானங்கள் அவற்றை நடுவானில் கொக்கி போட்டுப் பிடிக்கும். ஏவுகணைத் தளங்களைத் தேடி எடுத்த அந்தப் படங்களில் இமயப் பனியாறுகளும் விழுந்திருந்தன. ரகசியம் நீக்கப்பட்ட பின் அவற்றிலிருந்து 1970-களின் உயரங்களை மீட்டெடுத்து, 2,000 கிலோமீட்டர் நீளத்தில் 650 பனியாறுகளை ஆராய்ந்த முடிவு 2019-இல் வெளியானது. 1975 முதல் 2000 வரை ஆண்டுக்குச் சராசரியாக 22 சென்டிமீட்டர் நீருக்குச் சமமான கனத்தை இழந்த பனியாறுகள், 2000 முதல் 2016 வரை ஆண்டுக்கு 43 சென்டிமீட்டர் இழந்தன. இழப்பு இருமடங்கு. ஆஸ்டர் படங்களை உலகம் முழுவதற்கும் பயன்படுத்திய 2021 ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரை உலகின் பனியாறுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 26,700 கோடி டன் பனியை இழந்தன. கடல்மட்ட உயர்வில் ஐந்தில் ஒரு பங்கு அதனால் வந்தது.

உயரத்தை அளக்கும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு பொறி உண்டு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாளில் ரேடாரால் எடுத்த உயர வரைபடம் இன்றும் பலருக்கு அடிப்படை. ஆனால் அந்த ரேடார் அலை உலர்ந்த பனிக்குள் சில மீட்டர் புகுந்த பிறகே திரும்பும். அதைத் திருத்தாமல் கழித்தால் உருகல் குறைவாகத் தெரியும். பூமியின் ஈர்ப்பு மாற்றத்தை அளந்த கிரேஸ் செயற்கைக்கோள் இணை பனியை நேரே எடை போடும் என்றார்கள். வட இந்தியச் சமவெளியில் உறிஞ்சப்படும் நிலத்தடி நீரின் இழப்பும் அதே தராசில் ஏறிவிட்டதால் இமயத்தில் அதைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடு.

பனியாறு ஓடுகிறது என்பதால் அதன் வேகமும் ஓர் அறிகுறி. ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் அதே விரிசல், அதே பாறை எவ்வளவு நகர்ந்தது என்று கணினி தேடும். 2000 முதல் 2017 வரையான லேண்ட்சாட் படங்களை இப்படிப் பொருத்தியதில் ஸ்பிதி-லாஹௌல் பகுதியில் வேகம் சுமார் 34 சதவீதம் குறைந்தது தெரிந்தது. மெலிந்த பனிக்குத் தன்னைத்தானே கீழே தள்ளும் பாரம் இல்லை. காரகோரத்தில் மட்டும் கதை வேறு. அங்கே பனியாறுகள் பல இழப்பின்றி நின்றன, சில திடீரென்று பாய்ந்து முன்னேறின. ஆய்வாளர் கென்னத் ஹெவிட் 2005-இல் அதற்குக் காரகோர முரண் என்று பெயரிட்டார்.

இந்த எண்களையெல்லாம் சரிபார்க்க யாராவது மேலே ஏறத்தான் வேண்டும். ஹிமாச்சலின் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் பனியில் துளையிட்டு மூங்கில் கழிகளை நட்டு, ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு கழி வெளியே தெரிகிறது என்று அளக்கிறார்கள். கோடிக்கணக்கில் செலவாகும் செயற்கைக்கோளுக்கு மதிப்பெண் போடுவது அந்த மூங்கில்தான்.

பேரிடர் நேரங்களில் செயற்கைக்கோள் காரணத்தைச் சொல்லும். 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் 204 பேர் இறந்தும் காணாமலும் போன வெள்ளத்துக்கு முதலில் பனியாற்று ஏரி உடைந்ததாகச் சொல்லப்பட்டது. படங்களில் அப்படி ஏரியே இல்லை. ரோண்டி சிகரத்திலிருந்து சுமார் 2.7 கோடி கனமீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்த தழும்புதான் தெரிந்தது. முன்கூட்டிச் சொல்வதில் கதை அவ்வளவு நன்றாயில்லை. சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி ஆபத்தானது என்று படங்கள் பல ஆண்டுகளாகக் காட்டிவந்தன. 2016-இல் குழாய் வைத்து நீரை வெளியேற்றியும் பார்த்தார்கள். 2023 செப்டம்பர் 28 அன்று 167.4 ஹெக்டேராக இருந்த அந்த ஏரி, அக்டோபர் 4 காலை 6 மணிக்கு மேகத்தை ஊடுருவி ரிசாட்-1ஏ எடுத்த ரேடார் படத்தில் 60.3 ஹெக்டேர். அதற்குள் ஏரி உடைந்து பாய்ந்த வெள்ளத்தில் இரவோடிரவாகக் கீழே இருந்த சுங்தாங் அணை போய்விட்டது.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் ரேடார் செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் திரும்பிவரும். அது கவனிக்க வேண்டிய பட்டியல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. இமய ஆற்றுப்படுகைகளில் 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,431 ஏரிகளில் 676 ஏரிகள் 1984-க்குப் பின் குறிப்பிடத்தக்க அளவு பெருத்துள்ளன, அவற்றில் 130 இந்தியாவுக்குள் உள்ளன என்று இஸ்ரோ 2024 ஏப்ரலில் அறிவித்தது. அவற்றில் ஒன்று ஹிமாச்சலின் கெபாங் கட்: 1989-இல் 36.49 ஹெக்டேர், 2022-இல் 101.30. அதற்குக் கீழே சிஸ்ஸு கிராமமும் மணாலி-லே நெடுஞ்சாலையும் இருக்கின்றன.