உஷார்! கிளட்ச் சிலிண்டர் மாற்றியதும் புதுச் சத்தமா?

கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் இரண்டும் புதிதாகப் போட்டாயிற்று. பெடல் நன்றாக ஏறி இறங்குகிறது, கியரும் விழுகிறது. ஆனால் இதுவரை கேட்காத ஒரு சத்தம் கேட்கிறது. ஒர்க்ஷாப்பில் சொன்னால், "புது பார்ட்ஸ் சார், ஓட ஓட செட் ஆயிடும்" என்கிறார்கள்.

தயவுசெய்து நம்பாதீர்கள். புது கிளட்ச் பிளேட் படிவதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஆகும், அது உண்மை. ஆயிலும் ரப்பர் சீலும் பிஸ்டனும் உள்ள சிலிண்டருக்கு ஓட ஓடப் படிய எதுவுமே இல்லை. சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதல் நாளே தேடினால் பெரும்பாலும் சின்ன வேலையோடு முடியும். தள்ளிப்போட்டால் கியர்பாக்ஸை இறக்க வேண்டி வரும்.

மாருதி 800, ஆல்ட்டோ போன்ற வண்டிகளில் கிளட்சை இழுப்பது கேபிள். ஹைட்ராலிக் வண்டியில் அந்த வேலையை ஆயில் செய்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், அந்த ஆயில் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும், ஸ்லேவ் ஃபோர்க்கைத் தள்ளும், ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைப் பிரஷர் பிளேட்டின் விரல்கள் மேல் அழுத்தும். இன்னோவாவில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே, கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. வேறு பல வண்டிகளில் அது பேரிங்கோடு சேர்ந்து, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வண்டி எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் செலவு.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். சமதளத்தில், முன்னால் ஆள் யாரும் இல்லாத இடத்தில், ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். பெடலில் கால் வைக்காமல் கேளுங்கள். பிறகு பெடலை மிக லேசாகத் தொடுங்கள். கால் பட்டதுமே கரகரப்பு நின்றால் சந்தேகம் ரிலீஸ் பேரிங், ஃபோர்க் பக்கம். லேசாகத் தொட்டும் நிற்காமல், முழுக்க மிதித்த பிறகே உறுமல் அடங்குகிறது என்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைப் பார்க்க வேண்டும்; அதற்கும் புது சிலிண்டருக்கும் சம்பந்தம் இல்லை. மாறாக, மிதிக்க மிதிக்கச் சத்தம் ஏறினால் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு மிதித்தாலும் கிறீச் கேட்கிறதா? அப்படியானால் பெடல் புஷ், புஷ்ராட் முனை, ஃபோர்க் அமரும் இடம் இவற்றில் ஒன்று காய்ந்துபோயிருக்கும். பெடல் புஷ், புஷ்ராட் முனை என்றால் எல்லாவற்றிலும் மலிவான வேலை அதுதான்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய சிலிண்டர் கசிந்துகொண்டிருந்தவரை பெடலின் முழு மிதியும் பேரிங்குக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. புது சிலிண்டர் வந்ததும் பேரிங் முழுத் தூரம் நகர்கிறது. ஏற்கெனவே தேய்ந்திருந்தது இப்போது கத்துகிறது. இதற்கு மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. அதற்காகச் சத்தத்தோடு ஓட்டலாம் என்றும் ஆகிவிடாது.

இனி வருவதுதான் கவனிக்கப்படாமல் போகிற ஆபத்து. மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிற புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். பெடலை விரலால் அழுத்தினால் முதல் சில மில்லிமீட்டர் லூஸாக இறங்குவது அதனால்தான். புது சிலிண்டர் மாட்டும்போது அந்த இடைவெளியை வைக்காமல் விட்டால் பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வராது. ஆயில் திரும்பிப் போகும் துளை அடைபட்டு, லைனில் அழுத்தம் தங்கிவிடும். நீங்கள் காலை எடுத்த பிறகும் யாரோ பெடலில் கால் வைத்தே இருப்பது போன்ற நிலை இது. பேரிங் ஓயாமல் அழுத்தத்தில் சுழலும், எஞ்சின் சூடேறச் சூடேறக் கிளட்ச் வழுக்கும், கருகல் வாடை வரும், நல்ல பிளேட்டும் எரிந்துபோகும். ஸ்லேவ் வெளியே இருக்கும் வண்டியில் இதைச் சோதிப்பது எளிது. பெடலைத் தொடாமல், காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளைச் சற்றுத் திறக்கச் சொல்லுங்கள். ஆயில் பீய்ச்சியடித்து ஃபோர்க் பின்னுக்கு நகர்ந்தால் அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ரிவர்ஸ் போடும்போது கர்ரென்று பல் கடிக்கிறதா? லைனில் காற்று நின்று, கிளட்ச் முழுதாகப் பிரியாமல் இருக்கலாம். அப்படியானால் மறுபடி ஏர் எடுக்க வேண்டும். அதிலும் கவனம்: ஸ்லேவ் பெல் ஹவுசிங்குக்கு உள்ளே இருக்கும் வண்டியில் பெடலை வேகவேகமாகப் பம்ப் அடித்தால் புது சீலே கிழியலாம். கியர்பாக்ஸை ஏற்றும் முன் அந்த சிலிண்டரைக் கையால் அழுத்திப் பார்ப்பதும் கூடாது. சீல் போனால் ஆயில் உள்ளுக்குள்ளேயே கசிந்து பிளேட்டை நனைக்கும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே இரவில் ஓர் அட்டையை விரித்து வைத்து, காலையில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

என்னை உண்மையில் பதறவைப்பது ஆயில் டப்பா. ஏராளமான கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் டப்பா ஒன்றுதான். அதில் கிளட்ச் குழாய் மேலே, பிரேக்குக்குப் போகும் வழி கீழே இருக்கும். கிளட்ச் கசிந்தாலும் பிரேக்குக்கு ஆயில் மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே போனால், மேலே ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டாதீர்கள். கசிவைச் சரிசெய்த பிறகு, மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும், சீல் உடைக்காத புட்டியிலிருந்து ஊற்றச் சொல்லுங்கள். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கைக்குக் கிடைத்த பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ யாராவது ஊற்றிவிட்டால், ரப்பர் சீல்கள் ஊதி வீணாகும். கிளட்சோடு பிரேக்கும் சேர்ந்து கெடும். அந்த வண்டியை அங்கிருந்து ஓட்டியே எடுக்கக் கூடாது.

சத்தம் தீராமல் கொல்லிமலைக்கோ ஊட்டிக்கோ குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். கிளட்ச் பிரியாத வண்டி சிக்னலில் முன்னால் நிற்பவர் மேல் ஏறும். அப்படி நேர்ந்தால் பிரேக்கை அழுத்தி மிதித்து உடனே எஞ்சினை அணையுங்கள்.

சத்தம் கேட்ட அன்றே வண்டியைத் திருப்பி ஒர்க்ஷாப்பில் விடுங்கள். புஷ்ராட் இடைவெளி, காற்று, கசிவு மூன்றையும் உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். அவை சரியாக இருந்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் மட்டும் கியர்பாக்ஸை இறக்கச் சம்மதியுங்கள். இறக்கிய பிறகு பேரிங், பிளேட், பிரஷர் பிளேட் மூன்றையும் பார்த்து, தேய்ந்திருந்தால் ஒன்றாகவே மாற்றிவிடுங்கள். இறக்கி ஏற்றும் கூலியை இரண்டு முறை கொடுக்காதீர்கள்.