ஆட்டு வியாபாரமும் சொறி, உண்ணி, பேனும்

ஹஜ்ஜுப் பெருநாளை எதிர்பார்த்துச் செம்மறி ஆடு வாங்கிக் கட்டும் நமது வியாபாரிகள் எடையைப் பார்ப்பார்கள், பல்லைப் பார்ப்பார்கள். உரோமத்தைப் பிரித்துத் தோலைப் பார்ப்பவர்கள் குறைவு. நஷ்டம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. சொறி பிடித்த ஆடு எவ்வளவு தின்றாலும் தேறாது. சுவரில் உரசிக்கொண்டே நிற்கும். அதோடு, சொறி சிறிதளவு இருந்தாலும் அந்தப் பிராணி உழ்ஹிய்யாவுக்கு ஆகாது என்பதே ஷாபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. அப்படியான ஆட்டை விற்றவர், வாங்கியவருக்கு என்ன பதில் சொல்வார்?

எல்லாப் பூச்சிக்கும் ஒரே மருந்து என்று நினைப்பது சரியல்ல. பேன் ஆட்டின் உடம்பிலேயே பிறந்து அங்கேயே மடியும். தோல்வரை நனையுமாறு மருந்து தெளித்தால் சாகும். ஈர் தப்பிவிடுவதால் சுமார் இரண்டு வாரத்தில் மறுபடியும் தெளிக்க வேண்டும். உண்ணி அப்படியல்ல. இரத்தம் குடித்ததும் கீழே விழுந்து, புல்லிலும் சுவர் வெடிப்பிலும் முட்டையிடும். ஆட்டுக்கு மட்டும் மருந்தடித்துக் கொட்டிலை விட்டுவிட்டால் காசுதான் வீண்.

சொறியை உண்டாக்கும் நுண்பூச்சிக்கு மேலால் தெளிப்பது போதாது. மருந்துத் தொட்டியில் ஆட்டை ஒரு நிமிடம் நிறுத்தி, தலையையும் இரண்டு தடவை அமிழ்த்தி எடுப்பது பழைய முறை. இல்லையேல் ஐவர்மெக்டின் ஊசி, ஏழு நாள் இடைவெளியில் இரண்டு தடவை. (தோலைக் கடித்துத் தின்னும் பேனுக்கு இந்த ஊசி சரிவராது.) அளவை மிருக வைத்தியர் எடை பார்த்துச் சொல்லட்டும். ஆட்டை விட்டு விழுந்த பூச்சி இரண்டு வாரத்திற்கு மேலும் உயிரோடிருக்கும் என்பதால், ஊசி போட்ட ஆட்டைப் பழைய இடத்தில் கட்டக் கூடாது.

சந்தைச் சரக்கோடு சொறியும் ஊர் மாறும். பிரித்தானியாவில் 1952இல் அடியோடு ஒழிக்கப்பட்ட ஆட்டுச் சொறி, 1973இல் திரும்பி வந்துவிட்டது. புதிதாக வாங்கியவற்றை மூன்று வாரமாவது தனியே கட்டுங்கள்.

கணக்கைப் பெருநாளிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். ஊசி மருந்து இறைச்சியில் தங்கும். அறுப்பதற்கு முன் எத்தனை நாள் விட வேண்டும் என்பது குப்பியின் லேபலில் இருக்கும். ஒரு மாதத்திற்கு மேல் கேட்கும் மருந்துகளும் உண்டு. அந்த நாட்களை இரண்டாவது ஊசியிலிருந்துதான் எண்ண வேண்டும். ஆகவே மருந்து கொடுத்து விற்க நினைப்பவர் இரண்டு மாதம் முந்தியே கொள்முதல் செய்யட்டும். கடைசி வாரத்தில் வாங்குபவருக்கு மருந்து உதவாது, சுத்தமான தோலுள்ள ஆடுதான் வழி.

மிஞ்சிய மருந்துத் தண்ணீரைக் கிணற்றடியிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள். சைபர்மெத்ரின் மீனுக்குக் கொடிய நஞ்சு.