மாணாக்கருக்காகப் பாறையில் எழுதிய பாடம்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர் என்றதும் அன்பர்கள் சிலருக்குக் குடந்தைக்கு அருகிலுள்ள ஆவூர்ப் பசுபதீச்சரம் நினைவுக்கு வரக்கூடும். ஞானசம்பந்தப் பெருமான் பாடியருளிய அத்தலம் வேறு. விராலிமலை வட்டாரத்தில் அமைந்த இச்சிற்றூர் வேறு. வீரமாமுனிவர் தங்கிப் பணியாற்றிய ஊர் என்பதால் தமிழறிந்தோர் இதனையும் அறிவர். இங்கிருந்து புறப்பட்டு, விராலிமலை முருகனை வணங்கி, இலுப்பூர், அன்னவாசல் வழியாகச் சென்றால் குடுமியான்மலையை அடையலாம். வளரும் பிள்ளைகளுக்கு இசை கற்பிப்போர் ஒரு முறையேனும் காண வேண்டிய பாடம் ஒன்று அங்கே பாறையில் எழுதப்பட்டிருக்கிறது.

திருநலக்குன்றம் என்பது இத்தலத்தின் பழம்பெயர். இறைவன் சிகாநாதர், இறைவி அகிலாண்டேசுவரி. பிரசாதப் பூவில் தலைமுடி ஒன்று இருக்கக் கண்டு அரசன் வினவ, நடுங்கிய அர்ச்சகர், இறைவனுக்கே குடுமி உண்டு என்று சொல்லிவிட்டார். அடியவரின் சொல்லைப் பொய்யாக்க மனமின்றி, லிங்கத் திருமேனியில் குடுமியைக் காட்டியருளினார் பெருமான் என்பது தலவரலாறு. ஆயிரங்கால் மண்டபத்தையும் சிற்பங்களையும் கண்டு வியந்து திரும்பும் அன்பர்கள் பலர், கோயிலுக்குப் பின்புறம் செல்வதில்லை. குன்றைக் குடைந்து அமைத்த மேலைக்கோயில் என்னும் குடைவரை அங்குதான் இருக்கிறது. அதன் அருகே வலம்புரி விநாயகர் புடைப்புச் சிற்பமாக எழுந்தருளியிருக்கிறார். அப்பாறைச் சரிவில்தான் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு காணப்படுகிறது.

ஏறத்தாழ பதின்மூன்று அடிக்குப் பதினான்கு அடி பரப்பில், பல்லவ கிரந்த எழுத்தில், வடமொழித் தலைப்புகளுடன் அது வெட்டப்பட்டுள்ளது. 1904-ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையினர் அதனைப் படியெடுத்தனர், பின்னர் பி. ஆர். பண்டார்கர் என்னும் அறிஞர் ஆராய்ந்து பதிப்பித்தார். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பலரின் கருத்து. மத்தியமக்கிராமம், ஷட்ஜக்கிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்று ஏழு பகுதிகள். ஒவ்வொன்றிலும் சுரங்கள் நான்கு நான்காகக் கட்டப்பட்டு வரிசையாக நிற்கின்றன. ஒரே சுரம் அ, இ, உ, எ என்னும் உயிரோசைகளை ஏற்று வெவ்வேறு வடிவில் வருகிறது. இன்றைக்குச் சரளி வரிசையும் அலங்காரமும் பாடிப் பழகும் சிறுவர்களை அந்தப் பாறையின் முன் நிறுத்தினால், தங்கள் பாடப் புத்தகத்தின் முன்னோரைப் பார்த்ததுபோல் உணர்வார்கள்.

கல்வெட்டின் இறுதிப் பகுதி உள்ளத்தை உருக்குவது. உருத்திராசாரியரின் மாணாக்கரும், பரம மாகேசுவரருமான ஓர் அரசர், மாணாக்கர்களின் நன்மைக்காக இந்தச் சுரக் கோவைகளைச் செய்தார் என்று அது கூறுகிறது. அரசரின் பெயர் அதில் இல்லை. மகேந்திரவர்ம பல்லவர் என்று பலர் கூறினர். பிற்கால ஆய்வாளர் சிலர் அதனை ஏற்கவில்லை. வென்ற போர்களையும் பட்டங்களையும் கல்லில் அடுக்கிய மன்னர்கள் எத்தனையோ பேர். இவரோ குருவின் பெயரைச் சொல்லி, தம் பெயரைச் சொல்லாமல், பிள்ளைகளுக்கென்று பாடத்தை மட்டும் வைத்துச் சென்றிருக்கிறார்.

ஆயினும் ஒரு குறை உண்டு. எழுத்துகளைப் படித்துவிடலாம்; அன்று பாடியபடியே இன்று பாட வல்லவர் எவரும் இல்லை. சில எழுத்துகளின் மேல் இடப்பட்ட புள்ளிகளுக்கும் உயிரோசை மாற்றங்களுக்கும் அறிஞர்கள் கூறும் விளக்கங்கள் ஒத்துப்போகவில்லை. கல் அழியவில்லை. கற்பித்த குருவிடமிருந்து கற்ற மாணாக்கருக்கு வந்த தொடர் எங்கோ அறுந்துவிட்டது.

தேவாரத்திற்கும் இந்த ஆபத்து நேரவிருந்தது. தில்லையில் ஏடுகள் கிடைத்த பிறகும் பண் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் எருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த ஒரு பெண்மணியை அழைத்து வந்து பண் முறையை வகுக்கச் செய்தனர் என்று, உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. அந்தக் குடும்பத்தில் யாரோ ஒருவர் அச்சிறுமிக்கு இளம்வயதில் பாடம் சொல்லியிராவிட்டால், ஏடு இருந்தும் இசை இருந்திராது. பின்னர் இராசராச சோழர் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க 48 பேரை நியமித்தார். குடுமியான்மலைப் பாறையில் உள்ள சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் என்னும் பெயர்களின் சாயலை இன்றும் ஓதுவார் வழக்கில் சாதாரி, பஞ்சமம், கௌசிகம் என்னும் பண்களில் கேட்கலாம். பெயர் வந்து சேர்ந்திருக்கிறது. இசையும் அதுவேதானா என்று துணிந்து கூற இயலாது.

இன்றைய நிலை என்ன? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஐந்து பாடங்களில் இசை இல்லை. மதிப்பெண் தராத பாடம் ஆதலால், எட்டாம் வகுப்பு தாண்டியதும் பாட்டை நிறுத்திவிடும் வீடுகள் ஏராளம். பிள்ளைகளை நொந்து பயனில்லை. நிறுத்தச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே. ஆண்பிள்ளைகளுக்கு வேறொரு தடையும் உண்டு. பன்னிரண்டு முதல் பதினைந்து வயதிற்குள் குரல் உடைகிறது. நேற்று வரை ஐந்து கட்டையில் பாடிய சிறுவன், இன்று மேல் ஷட்ஜத்தை எட்ட முடியாமல் வெட்கத்தால் வாய் மூடிவிடுகிறான். அனுபவமுள்ள ஆசிரியர் அப்போது அவனை வற்புறுத்தமாட்டார். சுருதியை இறக்கி, மந்தர ஸ்தாயியில் மெல்லப் பாடவைத்து, தாளத்தையும் கேள்வி ஞானத்தையும் வளர்ப்பார். குரல் அடங்கி நிலைபெறும்வரை அந்த ஓரிரு ஆண்டுகளைப் பொறுமையாகக் கடத்திவிட்டால் போதும்.

புதுக்கோட்டையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இயங்கிவருகிறது. குரலிசை, தேவாரம், நாகசுரம், தவில், மிருதங்கம், வயலின், பரதநாட்டியம் ஆகியவற்றை இத்தகைய அரசு இசைப்பள்ளிகள் மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கின்றன. பேரன் பேத்திகளை அங்கே சேர்க்க விரும்புவோர், முதலில் ஒரு விடுமுறை நாளில் அவர்களைக் குடுமியான்மலைக்கு அழைத்துச் செல்லலாம். சிகாநாதரையும் அகிலாண்டேசுவரியையும் தரிசித்தபின், பின்புறம் சென்று வலம்புரி விநாயகரை வணங்கிப் பாறையின் முன் சற்று நேரம் நிற்கலாம். கிரந்த எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும், நான்கு நான்காக நிற்கும் அந்தச் சுர வரிசையைப் பிள்ளைகள் தாமே எண்ணிவிடுவார்கள்.